பதினோரு வருஷத்தை எங்கே விட்டீர்கள்?

கேள்வி: 'ஆர்.இ.எம்.' என்ற அமெரிக்க ராக் குழுவைக் கல்லூரிப் பையன்களின் சாதனை என்று கொண்டாடுகிறார்கள். வார்னர் கம்பெனி பணத்தைக் கொட்டியது, 'லூசிங் மை ரிலிஜன்' என்று ஒரு பாட்டு ஓடியது. இதில் பையன்களின் சாதனை எங்கே இருக்கிறது?
- வாசகர், திருச்சி

பதில்: கதையைக் கடைசி அத்தியாயத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு வந்தது 1991-ல். குழு முதலில் வாசித்தது 1980 ஏப்ரலில், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருத்தியின் பிறந்த நாள் விருந்துக்கு. இடையிலுள்ள பதினோரு வருஷத்தை எங்கே விட்டீர்கள்?

பாடிய மைக்கேல் ஸ்டைப் ஓவியம் படித்த மாணவர். கிடார் வாசித்த பீட்டர் பக் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். விளம்பரத்தில் பிழைக்கும் பெரிய வானொலிகள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்களே நடத்திய சின்ன எஃப்.எம். நிலையங்கள்தான் தட்டைத் தேய்த்தன. எந்த ஊர் மாணவர்கள் கேட்டார்களோ அந்த ஊருக்கு இவர்கள் வேனில் போய் இறங்கினார்கள். கேட்ட பையன் நேரில் பார்த்தான். பார்த்தவன் அடுத்த முறை நண்பர்களைக் கூட்டிவந்தான். ரசிகர்கள் சேர்ந்தது இப்படித்தான்.

1983-ல் முதல் ஆல்பம் 'மர்மர்'. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகத்தையே ஆட்டிவைத்த வருஷம். ஆனாலும் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது 'மர்மர்'-ஐத்தான். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது எட்டிய இடம் 36. அடுத்தடுத்த ஆல்பங்கள் 27, 28, 21, 10. நடுவே ஒரு படி சறுக்கியிருக்கிறது, கவனியுங்கள். இந்த ஐந்தும் ஐ.ஆர்.எஸ். என்ற சின்ன கம்பெனியில் வந்தவை. 1987-ல் 'தி ஒன் ஐ லவ்' முதல் பத்துப் பாடல்களுக்குள் நுழைந்தபோதும் அதே கம்பெனிதான். வார்னர் வந்தது 1988-ல். கூட்டம் கூடிய பிறகு பந்தல் போட வந்தவர்கள் அவர்கள்.

நீங்கள் சொல்லும் பாட்டுக்கே வருவோம். பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கிப் பழகிக்கொண்டிருந்தபோது விரலில் சிக்கிய மெட்டு அது. 'என் மதத்தை இழக்கிறேன்' என்று பொருள்படும் தலைப்பில் மதச் சண்டை ஏதுமில்லை. பொறுமை இழந்து தவிப்பதற்கு அமெரிக்கத் தென்மாநிலத்தார் சொல்லும் வழக்கு அது. அது இடம்பெற்ற ஆல்பத்திலிருந்து முதலில் தனியாக வெளியிடும் பாட்டாக அதை வைக்க வார்னரே தயங்கியது. குழு விட்டுக்கொடுக்கவில்லை. வீடியோவை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். அந்த ஆல்பத்துக்காக அவர்கள் பெரிய சுற்றுப்பயணம்கூடப் போகவில்லை. அது ஏழாவது ஆல்பம்.

என்னை உண்மையில் அசத்துவது வேறொன்று. யார் மெட்டுப் போட்டாலும், யார் வரி எழுதினாலும் பாட்டின் கீழே பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நாலு பேர் பெயரும் இருக்கும். வருமானமும் சமமாகப் பிரியும். டிரம்ஸ் அடிப்பவருக்குப் பாட்டில் பங்கே தராத குழுக்கள் எத்தனையோ! பணத்தைப் பங்கு போடுவதில் குழுக்கள் உடைந்த காலத்தில், இந்த நால்வரும் 1997-ல் டிரம்மர் பில் பெர்ரி தாமாக விலகும்வரை ஒன்றாகவே இருந்தார்கள்.

'மர்மர்'-ஐ ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.