மின்சார சூப் மேக்கர் வாங்கலாமா?

குக்கரும் மிக்ஸியும் இருக்கும்போது சூப் மேக்கர் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. அடியில் சூடேற்றும் தகடு, மூடியில் மோட்டாரும் பிளேடும், அவ்வளவுதான். நறுக்கிய காயும் தண்ணீரும் போட்டால் 20–30 நிமிடத்தில் வேகவைத்து அரைத்துவிடும். ஆனால் பல மாடல்களில் வெங்காயம், பூண்டை வதக்க முடியாது. வதக்காத தக்காளி சூப் சப்பென்றுதான் இருக்கும். பாலை முதலிலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும், கடைசியில் சேருங்கள்.

சரி, யாருக்கு உதவும்? தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். அடுப்பருகே நிற்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றி, ஆவி மூடியைத் தள்ளிக் கையைச் சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. ஒருவருக்கு 1.6 லிட்டர் ஜாடி ரொம்பப் பெரிது. உள்ளே இருக்கும் குறைந்தபட்ச அளவுக் கோடுவரை நிரப்பியே ஆகவேண்டும் என்பதால், சிறியதாகப் பாருங்கள்.