அவர் வந்தால் எங்கே தேடுவார்?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். எனக்கு வயது 68. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். போன பள்ளி விடுமுறையில் பேரனை ஜார்ஜ்டவுன் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேன். நார்தம் ரோட்டில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட்டின் பெயரைப் பேரன் எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு, "உங்க பேர எங்க தாத்தா எழுதுவாங்க?" என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. என்னைப் புதைக்க வேண்டும், தமிழில் பெயர் வெட்டிய ஒரு கல் வேண்டும்.

எங்கள் உறவில் எல்லாருக்கும் பத்து லஞ்சாங் மின்சுடலைதான், பிறகு சாம்பல் கடலில். புதைப்பது இந்து முறையில்லை, ஆத்மா அலையும் என்கிறார் மைத்துனர். மனைவியிடம் பேச்செடுத்தால் அழுதுகொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். எனக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். ஒருத்தி பெர்த்தில், ஒருத்தி ஷா ஆலாமில். ஆகவே தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் மகன்தானே எனக்குக் குடம் உடைக்க வேண்டியவன். உயிலிலும் எழுதிவிட்டேன்.

புதைப்பது நம் சமயத்துக்கு விரோதமா? கல்லறையைப் பராமரிக்கிற பாரத்தைப் பிள்ளைகள் தலையில் வைப்பது சுயநலமா? பேசாமல் உடல்தானம் செய்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பினாங்கிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான் படித்தது ஒரு சாவு வீட்டிலிருந்து வந்து தலைமுழுகிவிட்டு உட்கார்ந்திருந்த மாலையில். கோலாலம்பூர் செந்தூலில் என் பள்ளித் தோழி போய்ச் சேர்ந்தாள். எட்டு மாதம் அவளைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டியவள் அவளுடைய மகள். வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு பெரியவர், "பொம்பளப் பிள்ளைங்க வீட்டக் கழுவி விட்டுருங்கம்மா" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை எடுத்தாள். அந்தத் துடைப்பம் கண்ணை விட்டுப் போகாமல் இருந்தபோதுதான் "தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்" என்ற உங்கள் வரியைப் படித்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனருக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் படிக்கச் சொல்லுங்கள். புகார் நகரத்துச் சுடுகாட்டில் சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று ஐந்து வகை ஆட்கள் வந்துபோகிறார்கள். ஒரே ஊரில், ஒரே காலத்தில் எரித்தார்கள், போட்டுவிட்டு வந்தார்கள், குழி தோண்டினார்கள், நிலவறையில் அடைத்தார்கள், தாழியால் மூடினார்கள். இன்றும் துறவிகளுக்குச் சமாதி, பச்சைக் குழந்தைகளுக்குக் குழி. ரப்பர் தோட்டத்தில் செத்த நம் பாட்டன் பூட்டன் பாதிப்பேர் மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஆத்மாவெல்லாம் அலைகிறதா? இந்தக் கேள்வியை இத்தோடு விடுங்கள்.

உடல்தானம் மிகப் பெரிய காரியம். ஆனால் உங்கள் கடிதத்தில் அது ஆசையாக வரவில்லை, வீட்டில் பேச முடியாத இடத்திலிருந்து தப்பிக்கிற வழியாக வருகிறது. வீட்டாரோடு பேசாமல் அதுவும் நடக்காது.

பராமரிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். லைட்டின் கல்லறையை இருநூறு வருடத்துக்கு மேல் காத்தது அவருடைய பேரப்பிள்ளைகள் இல்லை அண்ணே. அவர் தொடங்கிவைத்த ஆட்சி காத்தது, இப்போது ஊரின் வரலாறு காக்கிறது. நமக்கு அப்படி யாரும் இல்லை. தோட்டத்து இடுகாடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல், அதுவும் இல்லாவிட்டால் ஒரு குரோட்டன் செடி. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது நம்மவர்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். எந்த மேட்டில் யார் என்று சொல்ல ஆளில்லை. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவில்லை. கல் வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் பாட்டிக்கும் அந்த ஆசை இருந்தது, வேறொரு காரணத்துக்காக.

என் தாத்தாவை 1943இல் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் காலம். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்களில் திடமாக இருந்தவர்களைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாத வேலை, அரிசியும் சம்பளமும் உண்டு என்று சொன்னார்களாம். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுகிற வேலை. அந்த வருடம் அக்டோபரில் பாதை முடிந்துவிட்டது. தாத்தா வரவில்லை.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களில் ஒருவர், தாத்தாவைக் காலராக் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார். "செத்தத பாத்தியா?" என்று பாட்டி கேட்டாள். பார்க்கவில்லை என்றார் அவர். பாட்டிக்கு அது போதும். தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. கருமக்கிரியை செய்யச் சொன்ன உறவுகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மற்றவர்கள் வேறு தோட்டம், வேறு லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்று மாறிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் அந்த லயத்தைவிட்டு நகரவில்லை. லயத்து நம்பர் மாறிவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும் என்பாள். கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகுதான், 1979இல், பெரியப்பா அவளைத் தூக்காத குறையாகச் செந்தூலுக்குக் கொண்டுவந்தார்.

காலுக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை. தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ராத்திரி சொன்னாள்: "ஏம்மா, என்னைய எரிச்சிராதீங்க. தோட்டத்துலயே கொண்டுபோய்ப் பொதச்சிருங்க. அந்த மனுசன் வந்தா எங்கன்னு தேடுவாரு?" தாத்தா போய் நாற்பது வருடம் ஆகியிருந்தது. நான் சரி பாட்டி என்றேன்.

1985இல் பாட்டி செத்தாள். எனக்கு 22 வயது. பெண்கள் உள்ளே குளிப்பாட்டினோம். தாலியைக் கழற்ற வேண்டுமே என்று யாரோ சொன்னார்கள். என் அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்தாள். பெண்கள் கையில் இருந்தவரை பாட்டி எப்படி வாழ்ந்தாளோ அப்படியே இருந்தாள். வெளியே கூடாரத்துக்குள் ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள். தோட்டம் தூரம், அங்கே இப்போது நம்ம ஆள் யாரும் இல்லை, நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், இங்கேயே எரித்துவிடலாம். ஒரு சிகரெட் நேரத்தில் முடிந்த பேச்சு அது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரியப்பா பாட்டியைப் பூப்போலப் பார்த்துக்கொண்டவர். ஆனால் அவர்கள் யாரும் பாட்டியின் காலைத் தேய்த்ததில்லை, அதனால் அந்த வார்த்தை அவர்கள் காதில் விழுந்ததில்லை.

நான் அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "சும்மா இரு, ஆம்பளைங்க பேசிட்டாங்க" என்றாள் அம்மா. நானும் சும்மா இருந்தேன். வண்டி போனது. வீட்டைக் கழுவினோம். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். எந்தக் கரையில் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியவர் இப்போது யாரும் உயிரோடு இல்லை.

பல வருடம் கழித்துத் தாய்லாந்தின் காஞ்சனபுரி போனேன். ஊர் நடுவில், அந்த ரயில்பாதை வேலையில் செத்த யுத்தக் கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள். பெயர் தெரிந்தவனுக்கெல்லாம் பெயர், படைப்பிரிவு, செத்த நாள். சில கல்லில் வீட்டார் எழுதி அனுப்பிய ஒரு வரி. புல்லை வெட்டி, பூச்செடி நட்டு அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக நடந்தேன். அதே பாதைக்குக் கட்டை சுமந்து அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த நம் ஆட்களில் ஒருவர் பெயரும் அந்த வரிசைகளில் இல்லை. இருபது வயதுப் பையன் ஒருவனின் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவன் யாரோ. அவன் அம்மா எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள், அதற்காக அழுதேன். ஆகவே கல் எதற்கு என்று உங்களிடம் நான் ஒருநாளும் கேட்க மாட்டேன் அண்ணே.

நான் கேட்பது வேறு. உங்கள் கடிதத்தில் மைத்துனர் இருக்கிறார், தம்பி இருக்கிறார், தம்பி மகன் இருக்கிறான், 1794இல் செத்த வெள்ளைக்காரர்கூட இருக்கிறார். அண்ணி ஒரே ஒரு வரியில் வந்து, அழுதுவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுகிறார். நீங்கள் அவர் பின்னால் போகவில்லை. போய், "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டிருந்தால் அந்தப் பதில் இந்தக் கடிதத்தில் இருந்திருக்கும். ஒரு பெண் அழுதால் பேச்சு முடிந்துவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் வீடுகளில் கடைசி வார்த்தையைக் கேட்பது பெண்கள். ராத்திரி மருந்து கொடுப்பவள், படுக்கை மாற்றுபவள், முதுகைத் திருப்பிவிடுபவள் காதில்தான் அது விழுகிறது. காரியம் நடத்துவது ஆண்கள். அவர்கள் வேலை முடிந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர்கள். கேட்டவளை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்காதவனை வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். இதற்குச் சம்பிரதாயம் என்று பேர். இப்போது பெண்களும் மின்சுடலை வரை வருகிறார்களே என்பீர்கள். வருகிறார்கள், நானும் போகிறேன். கூடத்தின் பின்னால் நிற்கிறோம். குடம் உடைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும் என்று வரும்போது, இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவருக்குத் தம்பி மகனைத் தேடுகிறோம். வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வந்து ஆங்பாவ் பணம் வாங்கிப்போகிற பையனுக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? ஷா ஆலாமில் இருக்கிற மகள் பாலத்தைத் தாண்டி ஐந்து மணி நேரத்தில் வந்துவிடுவாள். பெர்த்தில் இருக்கிறவளும் விமானம் ஏறி வருவாள். அவர்கள் உங்கள் பிள்ளைகள். அவர்கள் கை உங்கள் குடத்துக்கு ஆகாது என்றால், எதற்கு அவர்களைப் படிக்க வைத்தீர்கள், எதற்கு அத்தனை கண்டம் தாண்டி அனுப்பினீர்கள்? பேரன் உங்கள் பெயரைப் பற்றிக் கேட்டதற்கு மனம் கலங்கினீர்களே, அவனைப் பெற்றவளிடம் அதைச் சொன்னீர்களா? எனக்குக் கோபம் வருகிறது அண்ணே. உங்கள் மேல் மட்டும் இல்லை, அன்றைக்குச் சும்மா இருந்த என் மேலும்தான்.

உயிலை நம்பாதீர்கள். நம் வீடுகளில் உயிலைத் திறப்பது பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு. அதற்குள் நீங்கள் கடலில் இருப்பீர்கள். தனியாக ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். புதைக்க வேண்டும், இந்த இடம், கல்லில் இந்தப் பெயர், குடம் மகள்கள் கையில். இடம் கிடைக்குமா என்று பத்து லஞ்சாங்கில் இப்போதே போய் விசாரியுங்கள், கால் நடக்கிறபோது. அந்தத் தாளை மகள்கள் இருவருக்கும் அண்ணிக்கும் கொடுத்து, அவர்கள் எதிரில் தம்பியையும் உட்கார வைத்து உரக்கப் படியுங்கள். அன்றைக்கு யாராவது ஒரு பெரியவர் வேறு மாதிரிச் சொன்னால், "அப்பா எங்ககிட்டதான் சொன்னாரு" என்று உங்கள் மகள் எழுந்து சொல்ல வேண்டும். அந்தத் தைரியத்தை நீங்கள்தான் அவளுக்கு இப்போதே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு 22 வயதில் அதைக் கொடுக்க யாரும் இல்லை. என் தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. என்னை எரிக்கலாம், எனக்கு நெருப்பு சம்மதம். பொத்தானை என் மகள் அழுத்துவாள். சாம்பலில் ஒரு பிடியைப் பாட்டி இருந்த தோட்டத்துச் செம்பனைக் காட்டில் போடுவாள்.

அண்ணி ஏன் அழுகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வாரம் முழுக்கப் புறநானூற்றின் 256ஆம் பாட்டு மனதில் ஓடுகிறது. பாடியவர் பெயர் இல்லை. கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லியைப் போல நானும் இவனோடு எத்தனையோ காட்டுவழி வந்துவிட்டேன், எனக்கும் இரங்கி இவனுக்குச் செய்கிற தாழியை அகலமாக வனைந்துகொடு என்று கேட்கிறாள். உங்களுக்கு மண் என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள், அண்ணிக்கு என்ன என்று சொல்லவே இல்லை. இத்தனை வருடம் உங்களோடு வந்தவரை எங்கே விடப் போகிறீர்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

நீங்கள் கேட்கிற அந்த இடம் ஒருவருக்கா, இருவருக்கா? கடிதத்தில் அது இல்லை. அண்ணியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை