91 விநாடிகள்

அன்புள்ள ஐயா,

ஹெவிவெயிட் குத்துச்சண்டை பற்றிய உங்கள் கட்டுரையில், மைக் டைசன் உங்கள் முதல் ஐந்து பேரில் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்து மனம் ஆறவில்லை. 20 வயதில் உலகப் பட்டம் வென்றவர் அவர். தோல்வியே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் சாய்த்தார். 50 வெற்றிகளில் 44 நாக்அவுட். குத்துச்சண்டை என்றால் என்னவென்றே தெரியாத என் பாட்டிக்குக்கூட டைசன் பெயர் தெரியும். குரு கஸ் டமாட்டோ சீக்கிரம் இறக்காமலும், சிறையில் மூன்று ஆண்டுகள் வீணாகாமலும் இருந்திருந்தால் முகம்மது அலியையும் மிஞ்சியிருப்பார் அல்லவா? 1988இன் டைசனும் அலியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்றாவது சொல்லுங்கள்.

ம., சேலம்

அன்புள்ள ம.,

போகிற போக்கில் எழுதியது உண்மைதான். யோசிக்காமல் எழுதியதல்ல.

முதலில் டைசனுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். அவரை வெறும் முரட்டு அடிக்காரர் என்பவர்கள் அவருடைய கைகளை மட்டும் பார்த்தவர்கள். தலையையும் இடுப்பையும் பாருங்கள். 5 அடி 10 அங்குலம்தான் உயரம். எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவரைவிட உயரமானவர்கள். நீண்ட கைகளின் ஜாப் குத்துகளை, அதாவது முன்கையை நேராக நீட்டி விடும் குத்துகளை, கடந்து உள்ளே நுழைந்தால்தான் அவருக்குச் சண்டையே ஆரம்பமாகும். இரண்டு கையுறைகளும் கன்னத்தோடு ஒட்டியிருக்க, தலை ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஜாப் காற்றில் போன நொடியில் அவர் உள்ளே இருப்பார். விலாவில் ஒரு ஹூக் (கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து), அதே கையால் தாடையில் ஓர் அப்பர்கட் (கீழிருந்து மேலே ஏறும் குத்து). டமாட்டோ இதே பாணியைக் கற்பித்த ஃப்ளாய்ட் பேட்டர்சன் 1956இல் 21 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். 30 ஆண்டுகள் நின்ற அந்த வயதுச் சாதனையை டமாட்டோவின் இன்னொரு சீடரான டைசனே உடைத்தார். லாஸ் வேகஸில் ஒரே ஒரு இடது ஹூக்கில் அப்போதைய சாம்பியன் டிரெவர் பெர்பிக் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, எழுந்து, மூன்றாம் முறையும் விழுந்ததை நானும் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் 'இருந்திருந்தால்'களுக்கு வருவோம்.

டமாட்டோ இறந்தது 1985 நவம்பரில். பெர்பிக்கை வென்றது அதற்கு ஓராண்டு கழித்து. டோனி டக்கர், லாரி ஹோம்ஸ், ஸ்பிங்க்ஸ் என்று நீங்கள் கொண்டாடும் வெற்றிகள் எல்லாமே குரு இல்லாத காலத்தவை. அந்தப் பாணியைக் கட்டிக் காத்தவர் கெவின் ரூனி என்ற பயிற்சியாளர். 1988இன் இறுதியில் அவரை வெளியேற்றியது விதியல்ல, டைசனேதான்.

அதன் விளைவை 1990 பிப்ரவரியில் டோக்கியோ பார்த்தது. பஸ்டர் டக்ளஸ் ஜெயிக்கமாட்டார் என்று 42க்கு 1 என்ற விகிதத்தில் பந்தயம் ஓடியது. தாயைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆன மனிதர் அவர். டைசனின் தலை ஊசலாடவில்லை. ஜாப் ஒவ்வொன்றும் முகத்தில் வந்து இறங்கியது. கண் வீங்கி மூடியபோது, வீக்கத்தை அழுத்திக் குறைக்கும் இரும்புகூட அவருடைய மூலையில் நின்ற உதவியாளர்களிடம் இல்லை. ரப்பர் கையுறையில் குளிர்ந்த நீரை நிரப்பிக் கண்ணில் ஒற்றினார்கள். உலகச் சாம்பியனின் ஆட்கள்! அந்த நிலையிலும் எட்டாவது சுற்றில் டக்ளஸைக் கீழே தள்ளினார் டைசன். டக்ளஸ் எழுந்துகொண்டார். பத்தாவது சுற்றில் டைசன் விழுந்து, தரையில் தவழ்ந்து பல்காப்பைத் தேடி எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் கவ்வியபடி எழ முயன்றார். அந்தக் காட்சியை வைத்து அவரைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோழை அப்படி எழ முயலமாட்டான்.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். பட்டம் போனது 1990இல். சிறை 1992இல். சிறை அவரிடமிருந்து எந்தப் பட்டத்தையும் பறிக்கவில்லை. 'வீணான மூன்று ஆண்டுகள்' என்று, மழை பெய்து ஆட்டம் நின்றதைப்போல எழுதுகிறீர்கள். ஒரு பெண்ணின் பாலியல் வன்கொடுமைப் புகாரை விசாரித்து நீதிமன்றம் கொடுத்த தண்டனை அது. அவர் மறுத்தார், ஜூரிகள் நம்பவில்லை.

இதில் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. அலியும் 25 வயது முதல் 28 வரை களத்துக்கு வெளியே இருந்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக. டைசனும் அதே 25 முதல் 28 வரை. காரணங்களை ஒப்பிடுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். திரும்பி வந்தபின் நடந்ததை மட்டும் பாருங்கள். அலி ஜோ ஃப்ரேசியரிடம் தோற்றார். பிறகு அவரை இருமுறை வென்றார். இடையில் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனையும் வீழ்த்தினார். டைசன் இரண்டு பட்டங்களை மீட்டார், மறுக்கவில்லை. ஆனால் எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் தோற்று, மறு மோதலில் காதைக் கடித்து வெளியேற்றப்பட்டார். லெனாக்ஸ் லூயிஸ் எட்டாவது சுற்றில் முடித்துவைத்தார். 1999இல் ஃபிரான்ஸ் போத்தாவிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்து ஒரே குத்தில் வென்றது உண்டு. ஆனால் கீழே விழுந்து எழுந்து அவர் வென்ற சண்டை ஒன்றுகூடக் கிடையாது. என் ஐந்து பேர் கணக்கில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அலியா டைசனா என்ற கேள்விக்குப் பதில்: ஸ்பிங்க்ஸ் சாய்ந்த அந்த 1988 ஜூன் 27 இரவு, அட்லாண்டிக் சிட்டியில் எதிரில் யார் நின்றிருந்தாலும் நான் டைசனுக்கு எதிராகப் பந்தயம் கட்டமாட்டேன், அலியே நின்றாலும். ஆனால் ஓர் இரவுக்கு வேறு பட்டியல்.

பாட்டிக்கு டைசனைத் தெரிந்ததில் வியப்பில்லை. 91 விநாடிகளை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே பார்த்து முடித்துவிடலாம். லாரி ஹோம்ஸின் ஜாப்பைப் பார்க்கப் பதினைந்து சுற்றுகள் உட்கார வேண்டும். டைசன் வீழ்த்தியபோது ஹோம்ஸுக்கு 38 வயது, களத்தைவிட்டு விலகி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே மனிதர் 42 வயதில் ஹோலிஃபீல்டோடு 12 சுற்றுகள் முழுமையாக நின்றார். டைசனை முதல் ஐந்துக்குள் தள்ள ஒவ்வொருவரும் முதலில் இறக்கிவிடுவது ஹோம்ஸைத்தான். என் எரிச்சல் அங்கேதான்.

1979 செப்டம்பர், லாஸ் வேகஸ், ஹோம்ஸும் எர்னி ஷேவர்ஸும். ஏழாவது சுற்றில் ஷேவர்ஸின் வலதுகைக் குத்தில் ஹோம்ஸ் வெட்டிய மரம்போல விழுவார். அங்கே நிறுத்திவிடாமல் பதினொன்றாவது சுற்றுவரை பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், சண்டையைத் தொடரலாம்.