கிரானைட் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள்

கேள்வி: சமையலறை மேடைக்கு கிரானைட் போடப் போகிறோம். நான்கைந்து கடைகள் ஏறி இறங்கிவிட்டோம். எங்கே பார்த்தாலும் பளபளவென்றுதான் இருக்கிறது. ஒருவர் கறுப்புதான் உறுதி என்கிறார், இன்னொருவர் நிறத்தில் ஒன்றும் இல்லை என்கிறார். நல்ல கல்லை நாங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி சரி. கடையில் கிரானைட் என்று விற்பதெல்லாம் புவியியல் கணக்கில் கிரானைட் இல்லை. அசல் கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற வெளிர் நிறக் கனிமங்கள் அதிகம் என்பதால் பெரும்பாலும் வெளிர் நிறமாகவே இருக்கும். கன்னங்கரேல் என்று இருப்பவை பெரும்பாலும் கேப்ரோ, டோலரைட் போன்ற வேறு பாறைகள். அவற்றின் மணிகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் தண்ணீரும் எண்ணெயும் சுலபத்தில் உள்ளே இறங்காது. கறுப்புக்கு நல்ல பெயர் வந்தது அதனால்தான். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

முதலில் தண்ணீர் சோதனை. ஸ்லாப்களைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள், ஊற்றினால் வழிந்துவிடும். அதே ஸ்லாபில் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாலிஷ் போட்ட பக்கத்தில் நாலு சொட்டு விடுங்கள். பதினைந்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும். பிறகு துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள். சொட்டு இருந்த இடம் வட்டமாகக் கறுத்திருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். இரண்டே நிமிடத்தில் கறுத்துவிட்டால் சமையலறைக்கு வேண்டாம். எண்ணெய்க் கறை ஏறினால் எடுப்பது பெரும்பாடு. மெதுவாக, லேசாகக் கறுத்தால், கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்துச் சமாளிக்கலாம். வெளிர் நிறக் கல் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கறுப்பில் வேறு வில்லங்கம். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பென்று விற்பதும் உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து நன்றாக அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயமாகவோ மேலே தடவிய பாலிஷ் பூச்சாகவோ இருக்கும். எதுவானாலும் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். சோதிக்கக் கூடாது என்று கடைக்காரர் தடுத்தால், எனக்கு அதுவே பதில்.

அடுத்து விரிசல். ஸ்லாபின் பக்கவாட்டில் நின்று, விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும்படி சாய்வாகப் பாருங்கள். பிம்பம் நேராகத் தெரிய வேண்டும். எங்காவது நெளிந்தாலோ மங்கினாலோ பாலிஷ் சரியில்லை, அல்லது விரிசலை ரெசின் என்ற பிசின் போட்டு அடைத்திருக்கிறார்கள். கோடு தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்கினால் சந்தேகப்பட வேண்டும். கல்லோடு பிறந்த ரேகையாக இருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். பின்பக்கத்தையும் பாருங்கள், நகம் சிக்கிய அதே கோடு அங்கேயும் தெரிந்தால் விரிசல் என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும். பின்னால் ஃபைபர் வலை ஒட்டியிருப்பது குற்றமில்லை. சில கற்களுக்கு அது தேவை. ஏன் ஒட்டினீர்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது சிங்க். என் வீட்டு மேடையில் சிங்கின் முன்னால் இருந்த குறுகலான பட்டைதான் முதலில் விட்டது. ஓட்டையின் உள்மூலைகளைச் சரியாகத் தொண்ணூறு டிகிரிக்கு வெட்டியிருந்தார்கள். விரிசல் மூலையில் ஆரம்பித்து ஓரம்வரை ஓடிவிட்டது. மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். ஸ்லாபில் லேசான ரேகை இருந்தால் அது சிங்க் பக்கம் வராதபடி அளவு போடச் சொல்லுங்கள்.

கனத்தை டேப் வைத்து நாலு இடத்தில் அளந்து பாருங்கள். கீழே முழுவதும் தாங்கல் இருந்தால் 20 மில்லிமீட்டர் போதும். மேடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 30 எடுப்பது நல்லது. இடத்துக்கு இடம் கனம் மாறினால் இணைப்பில் ஒரு பக்கம் ஏறி நிற்கும். இரண்டு ஸ்லாப் தேவைப்பட்டால் ஒரே பாறைக் கட்டியில் (பிளாக்) அடுத்தடுத்து அறுத்ததாகக் கேளுங்கள். சாம்பிள் துண்டைப் பார்த்து மட்டும் ஆர்டர் கொடுக்காதீர்கள், வரும் கல்லின் நிறம் வேறாக இருக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்லாபில் மார்க்கரால் பெயர் எழுதி, செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சிங்குக்காக வெட்டி எடுத்த துண்டு உங்கள் பணத்தில் வந்ததுதான். அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு கிளீனர் வாங்கினால் முதலில் அதன் மேல் தேய்த்துப் பார்க்கலாம்.