பழைய பிக்கப்பின் பின்பக்கம் தொங்கிவிட்டது, அடியெல்லாம் துரு. ஷாக் அப்சார்பரை மாற்றினால் நிமிருமா?

நிமிராது. எடையைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங், அதாவது வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிய வில். ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை அடக்குவதோடு சரி.

ஆனால் ஸ்பிரிங் வாங்க ஓடுவதற்கு முன், அது சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணையும் இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாக வந்தாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ முதலில் வெல்டிங் வேலைதான். உளுத்த சேஸிஸில் புது ஸ்பிரிங் மாட்டுவது ஆபத்து. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், உடைந்த தகடோ முறிந்த ஷேக்கிளோ (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் இணைப்பு) இருக்கிறதா என்று தேடுங்கள்.

சேஸிஸ் உறுதியாக இருந்து, தகடுகள் வளைவிழந்து தட்டையாகிவிட்டிருந்தால், இரண்டு பக்க ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். கூடுதலாக ஒரு தகடு செருகுவது மலிவுதான்; ஆனால் களைத்துப்போன பழைய தகடுகளோடு அது நெடுநாள் நிற்காது, சவாரியும் முரடாகும்.

உண்மையான போராட்டம் போல்ட்டுகளோடுதான். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே அடித்து ஊறவிடுங்கள். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யு-போல்ட்டை அறுத்தே எடுக்கலாம். எப்படியும் புதிதுதான் போட வேண்டும். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தனியாக ஜாக்கியில் தாங்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

ஸ்பிரிங் கண்களில் (இரு முனைகளிலும் உள்ள வளையங்கள்) உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே முழுதாக முறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் கண்களுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் திருகிக் கிழியும். சிறிது தூரம் ஓட்டியபின் யு-போல்ட் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.