எல்லாம் அறிந்த இறைவனிடம் உதவி கேட்பது நம்பிக்கைக் குறைவா?

இறைவன் அன்புடையவன், நம் தேவையை அறிந்தவன் என்று நம்புகிறவர் அவனிடம் வாய்விட்டு உதவி கேட்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. சைவ மரபிலிருந்து விடை சொல்ல முயல்கிறேன்.

சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயருடன் இருந்த மருணீக்கியார், சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலி தாங்க முடியாமல் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்து, அவர் அளித்த திருநீற்றை அணிந்து, பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவதிகை வீரட்டானத்தில் தம் முதற் பதிகத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பின்னாளில் அப்பர் எனப் போற்றப்பட்ட அவருடைய அந்தப் பதிகத்தில் துதியைவிட முறையீடே மேலோங்கி நிற்கிறது. குடரை முடக்கும் வலியை ஒளிக்காமல் சொல்கிறார். 'ஆற்றேன் அடியேன்' என்கிறார். பூவும் தூபமும் மறந்தறியேன் என்று வாதாடவும் செய்கிறார். (சமணத்தில் இருந்தவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் எனக்கு உண்டு, வலியில் துடிப்பவர் கணக்குப் பார்ப்பதில்லை என்றே கொள்கிறேன்.) அன்பில்லாத ஒருவரிடம் யாரும் இவ்வளவு உரிமையோடு வழக்காடமாட்டார்கள். ஆகவே இங்கே கேட்பதே நம்பிக்கையின் வடிவமாகிறது.

'வேண்டத்தக்கது அறிவோய் நீ' என்று பாடிய மாணிக்கவாசகரும் வேண்டுதலைக் கைவிடவில்லை. தமக்கென ஒரு வேண்டுகோள் இருந்தால் அதுவும் இறைவனின் விருப்பமே என்கிறார்.

கேட்டால் துன்பமே வராது என்று இம்மரபு உறுதி கூறவில்லை. சூலை நீங்கிய பின்னரும் அப்பர் நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) இடப்பட்டார் என்று அதே பெரியபுராணம் சொல்கிறது.