எட்டணாப் பாட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு வாரம் ஒருமுறை காரில் போய்வருகிறோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் கூட வருவாள். போன வாரம் பழைய பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தபோது ‘வரவு எட்டணா செலவு பத்தணா’ வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று முறை திரும்பப் போடச் சொன்னாள். அப்புறம், “இந்த மாதிரிப் பாட்டு இப்ப ஏன்ப்பா வர்றதில்ல?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என்.எஸ்.கே., சந்திரபாபு, மனோரமா என்று சிரிக்கவைத்த பாட்டுகள் நம்மிடம் எவ்வளவோ இருந்தன. இன்று எதைச் சொன்னாலும் யாராவது புண்பட்டுவிடுகிறார்கள், அந்தப் பயத்தில்தான் பாட்டில் சிரிப்பு அற்றுப்போய்விட்டது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது சரிதானா?

திருச்சி வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் அந்தப் பாட்டில் எந்த இடத்தில் சிரித்தாள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வருவது ‘துந்தணா’வில்தான். எட்டணா வரவு, பத்தணா செலவு, அதிகம் இரண்டணா என்று கணக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். அடுத்து இன்னொரு தொகை வரப்போகிறது என்று காது காத்திருக்கும்போது, துந்தணா வந்து விழும். துந்தணா காசு இல்லை. தெருத்தெருவாகப் பாடிப் பிச்சை எடுப்பவர்கள் மீட்டும் ஒற்றைத் தந்தி வாத்தியம். செலவுக் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து நேராகத் தெருவுக்கு, ஒரே சொல்லில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார் கண்ணதாசன். இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘பாமா விஜயம்’ படம் வந்தது 1967இல். நயா பைசா புழக்கத்துக்கு வந்து அப்போதே பத்து வருஷம். ஆனாலும் ஐம்பது பைசாவை வீட்டில் யாரும் ஐம்பது பைசா என்று சொல்லவில்லை, எட்டணா என்றுதான் சொன்னார்கள். பாட்டு அந்த வீட்டுப் பேச்சையே பேசியது.

இந்தப் பாட்டை வைத்தே உங்கள் கேள்விக்கு வருகிறேன். புண்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், எழுதுகிறவர்களுக்குத் தயக்கம் கூடியிருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ‘வரவு எட்டணா’ யாரைப் புண்படுத்தியது? மாதக் கடைசியில் கை கடிப்பதைப் பற்றி இன்று ஒருவர் பாட்டு எழுதினால் எவர் வழக்குப் போடப்போகிறார்? வீட்டு வாடகை, ஈ.எம்.ஐ., கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்கு நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்பது என்று யாரையும் சீண்டாத விஷயங்கள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் பாட்டு வரவில்லையே. அதனால் பயம் மட்டுமே காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்குப் படும் காரணம் வேறு. சிரிப்புப் பாட்டு நிற்பது வார்த்தையின் மேல். நம் பாட்டுகளில் வார்த்தைக்கு இருந்த இடம் போய்விட்டது.

போன மாசியில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கோயில் திருவிழாவுக்காக வள்ளி திருமணம் நாடகம் போட்டார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இந்த மாதிரி விடிய விடிய நடக்கும் மேடை நாடகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முருகனும் நாரதரும் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே பபூன், அதாவது கோமாளி, வந்துவிடுவார். அன்று வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கவாத்தியம் என்று ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்கிற தாளக்கருவித் தொகுப்பு மட்டும்தான். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன வீட்டைப் பற்றி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மெட்டில் பாடினார். முதல் சரணத்தில் மாமியார், இரண்டாவதில் சிலிண்டர் கொண்டுவரும் பையன், மூன்றாவதில் திடீரென்று வந்து நிற்கும் சம்பந்தி. ஒவ்வொரு சரணத்திலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பார். ஆர்மோனியம் அந்த அடியை மட்டும் திரும்ப வாசிக்கும். மூன்றாவது சரணம் வந்தபோது, பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அவர் சொல்வதற்கு முன்பே அந்தச் சொல்லைக் கத்திச் சொன்னார்கள். உடனே ஆல்ரவுண்ட்காரர் ஒரு அடி போட்டார். என் பக்கத்தில் இருந்த பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த நிறுத்தம் இருக்கிறதே, எனக்கு எல்லாம் அதில்தான். கேட்பவருக்கு ஒவ்வொரு எழுத்தும் காதில் விழ வேண்டும், அடுத்தது என்ன என்று யோசிக்க ஒரு மூச்சு நேரம் வேண்டும், சரணத்துக்குச் சரணம் விஷயம் ஏற வேண்டும்.

நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் இதைக் கையோடு கொண்டுவந்தார்கள். என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டு பாடியவர், டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடித்தவர். 1949இல் ‘நல்லதம்பி’யில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபத்தை இன்றைக்குக் கேட்டாலும் அந்த நிறுத்தங்கள் அப்படியே இருக்கின்றன. எழுதியவர் உடுமலை நாராயண கவி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை மனப்பாடமாக அறிந்திருந்த ஜனங்களுக்கு முன்னால், அதே அச்சில் வேறொரு கதையை வார்த்துக் கொடுத்தார்கள். நந்தன் தில்லைக்குப் போகத் தவித்தான், கிந்தன் படிக்கத் தவிக்கிறான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்பது உள்ளே இறங்கிவிடும். அதே படத்தில்தான் பட்டனைத் தட்டினால் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வரவேண்டும் என்று அவர் மனைவி டி.ஏ. மதுரம் கேட்கிற விஞ்ஞானப் பாட்டும் வருகிறது. புண்படுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிந்தனாரில் சீண்டல் உண்டு, ஆனால் அது மேலே இருப்பவர்களைப் பார்த்துச் செய்த சீண்டல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். என்.எஸ்.கே., மதுரம், சந்திரபாபு, மனோரமா எல்லோருமே சொந்தக் குரலில் பாடினார்கள். 1959இல் வந்த ‘சகோதரி’யில் ‘நான் ஒரு முட்டாளுங்க’ என்று சந்திரபாபு பாடும்போது அந்த ‘ங்க’விலேயே ஆள் முழுசாகத் தெரிந்துவிடுகிறார். ‘பொம்மலாட்டம்’ (1968) படத்தில் மனோரமா பாடிய ‘வா வாத்யாரே ஊட்டாண்ட’வை எவ்வளவு பெரிய பின்னணிப் பாடகி பாடியிருந்தாலும் அந்த ‘ஊட்டாண்ட’ அப்படி விழுந்திருக்காது. பேசுகிற வாயே பாடியதால் வந்த சுவை அது. நகைச்சுவை நடிகருக்கு ஒரு படத்தில் ஒரு பாட்டு என்பது அன்று சாதாரண வழக்கம். அவருக்கென்று இருந்த தனி டிராக் படங்களில் குறையக் குறைய, அந்தப் பாட்டுக்கும் இடமில்லாமல் போனது.

பாட்டின் நீளம் சுருங்கியதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம்தான் கிடைத்தது. பழைய சிரிப்புப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த மூன்றரை நிமிடத்துக்குள் பல்லவி, இரண்டு மூன்று சரணம், நடுவில் வசனம் எல்லாம் வைத்துக்கொண்டவைதான். இன்றைய பாட்டுக்கும் ஏறத்தாழ அதே நேரம் இருக்கிறது. அதில் பல்லவியின் ஒரு வரியே நாலைந்து தடவை வருகிறது, சரணம் பெயருக்கு ஒன்று. அந்த ஒரு சரணமும் தாளக்கருவிகளுக்கு அடியில் போய்விடுகிறது. பதினைந்து விநாடி ரீல்ஸுக்கு எது ஆகும் என்று பார்த்துச் செய்யும்போது, மூன்றாவது சரணத்தில் வரப்போகும் சம்பந்திக்காக யார் காத்திருப்பார்கள்?

மெட்டுக்கு வார்த்தை எழுதுவது அன்றும் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அர்த்தமில்லாத சொற்களும் புதிதில்லை. 1956இல் ‘அமரதீப’த்துக்கு ‘ஜாலிலோ ஜிம்கானா’ எழுதினார் தஞ்சை ராமையாதாஸ். அதெல்லாம் ஒரு குஷி. ஆனால் குஷி மட்டுமே மிஞ்சிவிட்டதே என்பதுதான் என் வருத்தம். இன்னொரு பக்கம், ‘சிரிப்புப் பாட்டு’ என்ற பெயரில் குடித்துவிட்டுப் பெண்ணைத் திட்டும் பாட்டுகள் கொஞ்ச காலம் வரிசையாக வந்தன. அவை நின்றால் எனக்கு மகிழ்ச்சிதான்.

கேட்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011இல் ‘வொய் திஸ் கொலவெறி டி’ வந்தபோது தமிழ் தெரியாதவர்கள்கூட அதைப் பாடினார்கள். அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். தனுஷ் பாடுவது பேச்சு மாதிரி இருக்கும், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள், வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கும். அந்தப் பபூன் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

உங்கள் மகளுக்குப் போட்டுக் காட்ட இன்னும் ஒரு எட்டணாப் பாட்டு இருக்கிறது. 1995இல் ‘எல்லாமே என் ராசாதான்’ படத்துக்காக இளையராஜா இசையில் வடிவேலு பாடிய ‘எட்டணா இருந்தா’. சொந்தக் குரலில் பாடிச் சிரிக்கவைத்தவர்களின் வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர். 2023இல் ‘மாமன்ன’னுக்காக அவர் பாடிய ‘ராசா கண்ணு’வையும் கேட்டேன். அது ஒரு ஒப்பாரி. அவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறார். கேட்டு முடித்த பிறகு வெகுநேரம் எதுவும் பேசத் தோன்றவில்லை. இந்தக் குரலுக்கு வருஷத்துக்கு ஒரு சிரிப்புப் பாட்டாவது யாராவது எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று மட்டும் ஆற்றாமையாக இருந்தது.

வருகிற மாசியிலும் அதே ஊரில் நாடகம் உண்டு. தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். திருச்சியிலிருந்து அதிக தூரமில்லை, மகளையும் அழைத்து வாருங்கள். பபூன் வருவதற்கே இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடும், அதனால் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் போதும். முன்னால் இடம் கிடைக்க ஒரு பாயும், விடியற்காலைப் பனிக்கு ஒரு போர்வையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்.